செயலாளர் ஆண்டறிக்கை: நமது சமுதாயக் கூடமும் அதன் காற்றும்

மதிப்பிற்குரிய தலைவர், செயற்குழுவினர், சங்க உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

குடிநீர், தெருவிளக்கு, மழைநீர்க் கால்வாய் மனுக்களின் நிலை அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டுள்ளது. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். நான் விரிவாகச் சொல்ல விரும்புவது கூடத்து வேலையைப் பற்றி.

சென்ற பொதுக்குழுத் தீர்மானப்படி, கூரையில் மெதுவாகச் சுற்றும் ராட்சத விசிறியும், சுவர்களில் ஏழடிக்கு மேல் புற ஊதா விளக்குகளும் பொருத்தியாயிற்று. விசிறி ஒன்றே போதாதா என்று பலர் கேட்டீர்கள். விசிறி மட்டும் சுற்றினால், ஒருவர் இருமிய காற்று கூடம் முழுக்கப் பரவும். விளக்கு மட்டும் எரிந்தால், கூரையடிக் காற்றுதான் பெரும்பாலும் சுத்தமாகும். இரண்டும் சேர்ந்து ஓடும்போது, நாம் விட்ட மூச்சு மேலே போய், விளக்கின் 254 நானோமீட்டர் புற ஊதாக் கதிரில் கிருமிகள் செயலிழந்து, திரும்பக் கீழே வருகிறது. விசிறி வேகத்தில் கதிர் சரியாகப் படுமா என்றும் கேட்டார்கள். ஒரு சுற்றில் குறைவாகப் பட்டாலும், அதே காற்று திரும்பத் திரும்ப மேலே போவதால் ஈடாகிவிடும்.

இது சோதித்துப் பார்க்கப்பட்ட முறை. அமெரிக்காவில் வெல்ஸ் என்ற ஆய்வாளர் 1930களிலேயே பள்ளி வகுப்பறைகளில் இவ்விளக்குகளை மாட்டி, 1941 தட்டம்மைப் பரவலில் பலன் கண்டார். பெரு நாட்டின் லிமாவில் ஒரு மருத்துவமனை வார்டுக் காற்றைக் கினிப் பன்றிகளைச் சுவாசிக்க வைத்த ஆய்வு 2009இல் வெளியானது. சாதாரணக் காற்றைச் சுவாசித்தவற்றில் 35 சதவீதத்துக்குக் காசநோய்த் தொற்று. விளக்கும் விசிறியும் இயங்கிய நாட்களின் காற்றைச் சுவாசித்தவற்றில் 9.5 சதவீதம்தான். காசநோய் மருத்துவமனையாக 1928இல் தொடங்கிய தாம்பரம் சானடோரியத்தின் பக்கத்திலேயே குடியிருக்கும் நமக்குக் காசநோயைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை.

பொருத்தியதும் தொழில்நுட்பர் கதிர் அளக்கும் மீட்டரோடு வந்து, நிற்பவர், உட்கார்ந்திருப்பவர் கண் மட்டத்தில் இடம் இடமாக அளந்தார். எட்டு மணி நேரம் இருப்பவருக்கு சதுர சென்டிமீட்டருக்கு 0.2 மைக்ரோவாட்தான் வரம்பு. மேடை மேல் மட்டும் அளவு தாண்டியது. மேடையில் ஏறினாலே கண் மட்டம் உயர்ந்துவிடுகிறது. போதாததற்கு விசிறியின் பளபளக்கும் அலுமினிய இறக்கைகளில் கதிர் பட்டுக் கீழே தெறித்தது. விளக்கை உயர்த்தி, இறக்கைகளுக்கு மேட் பெயின்ட் அடித்து, மறுபடி அளந்து சரியான பிறகே கூடத்தைத் திறந்தோம்.

உறுப்பினர்கள் தயவுசெய்து கவனிக்க: பந்தல், அலங்கார ஆட்கள் ஏணி வைக்கும் முன் விளக்கு சுவிட்சை அணைத்தே ஆகவேண்டும். அந்தக் கதிர் நேராகப் பட்டால் சில மணி நேரத்தில் கண் மணல் விழுந்ததுபோல் உறுத்திச் சிவக்கும். சாவி இனி காவலரிடம் மட்டுமே. கரண்ட் மிச்சம் என்று விசிறியை நிறுத்த வேண்டாம். விளக்கு இருக்கிறதே என்று ஜன்னல்களை மூடிவைக்கவும் வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் மூட வேண்டி வரும். முதியோரும் குழந்தைகளும் நெருங்கி உட்காரும் அந்த நாட்களுக்காகத்தான் இந்தச் செலவையே செய்தோம்.

டியூப்கள் சுமார் 9,000 மணி நேரம் உழைக்கும். தூசி படிந்தால் கதிர் குறையும் என்பதால் அணைத்து, ஆறவிட்டு, ஸ்பிரிட் துணியால் துடைக்க ஆள் அமர்த்தியுள்ளோம். பழைய டியூப்பில் பாதரசம் உண்டு, குப்பைத் தொட்டியில் போடக்கூடாது. டியூப் மாற்றவும் ஆண்டுக்கொரு முறை மீட்டர் வைத்து அளக்கவும் வரும் ஆண்டு பட்ஜெட்டில் தனித் தொகை ஒதுக்கக் கோரும் தீர்மானத்தைச் சபையின் முன் வைக்கிறேன்.