கிருஷ்ணகிரி டேபிள்டாப் சங்கம்: செயலாளர் ஆண்டறிக்கை

எல்லாருக்கும் வணக்கம். மேஜையைச் சுத்தி உக்காந்து, டைஸ் (பகடை) உருட்டி ஆளுக்கொரு கதாபாத்திரமா ஆடற டன்ஜன்ஸ் & டிராகன்ஸ்தான் நம்ம ஆட்டம். பொதுக்குழு நடந்துச்சு, ஆயுத பூஜைக்கு டைஸுக்கெல்லாம் பொட்டு வெச்சோம், புது காலேஜ் பசங்களுக்கு கேரக்டர் ஷீட் (கதாபாத்திரக் குறிப்புத் தாள்) போட சொல்லிக் கொடுத்தோம். தலைவர் அண்ணன் வழக்கம்போல வாழ்த்தி பேசினாரு.

இப்ப ஹோம்ப்ரூ கிளாஸ் டெஸ்ட் விஷயம், அதாவது கதாபாத்திர வகைகளை (கிளாஸ்) நாமளே மாத்தி எழுதி ஆடிப் பார்க்கறது. நான் மாத்தின ரேஞ்சர் ஓவர் பவர்னு என்னைப் பத்தி நிறைய பேச்சு ஓடுதுனு கேள்விப்பட்டேன். 2014 ரூல்ஸ்ல வந்த ரேஞ்சர் (காட்டு வேட்டைக்கார வகை) சப்பைனு நான் மட்டும் சொல்லலைங்க, ஆட்டத்தை வெளியிடற கம்பெனியே 2016ல திருத்தி டெஸ்ட்டுக்கு விட்டாங்க, 2020ல மாத்து அம்சம் கொடுத்தாங்க, 2024ல மறுபடி எழுதினாங்க. நம்ம வேரியன்ட்ல நான் செஞ்சது ஒண்ணே ஒண்ணு, ஹன்டர்ஸ் மார்க்ங்கற மந்திரம் ஒவ்வொரு அடிக்கும் கூட்டித் தர்ற டி6ஐ (ஆறு முக டைஸ்) எடுத்துட்டு டர்னுக்கு ஒரு தடவை மட்டும் டி4 (நாலு முக டைஸ்), ஆனா கான்சன்ட்ரேஷன் (மந்திரத்தை விடாம கவனத்துல பிடிச்சு வெச்சிருக்கறது) வேண்டாம். சராசரி 3.5 போய் 2.5, அதுவும் ஒவ்வொரு அடிக்கும் கிடையாது. இதைப் போய் ஓவர் பவர்னு சொன்னவங்க மூணு பேரும் டெஸ்ட்டுக்கு வந்தவங்க இல்ல.

வந்தவங்க கதை இன்னும் மோசம். முதல் சண்டை முடிஞ்சதும் ஓசூர் பஸ்ஸுக்கு நேரமாச்சுனு கிளம்பிடறாங்க. 2014 டிஎம் கைடு (ஆட்டத்தை நடத்தறவருக்கான புத்தகம்) ஒரு அட்வென்ச்சர் நாளுக்கு ஆறுல இருந்து எட்டு சண்டை வரை தாங்கும்னு கணக்கு வெச்சிருக்கு. ஒரே சண்டையோட நிறுத்தினா லெவல் 5 பாலடின் (புனித வீரன்) தன் ஆறு ஸ்பெல் ஸ்லாட்டையும் (மந்திரம் போடற வாய்ப்பு) ஸ்மைட்டுக்கே (அடியோட சேர்ற கூடுதல் தாக்குதல்) கொட்டிடுவான், சராசரி 63 டேமேஜ் கூடுதல், முதல் பந்தியிலயே எல்லா வடையையும் பரிமாறிட்ட மாதிரி. அதே லெவல்ல வார்லாக்குக்கு (மந்திரவாதி வகை) இருக்கறதே ரெண்டு ஸ்லாட், ஷார்ட் ரெஸ்ட் (சண்டைகளுக்கு நடுவுல குட்டி ஓய்வு) எடுத்தாதான் திரும்ப வரும், ரெஸ்ட்டே வராத ஆட்டத்துல அவன் பாவம் என்ன பண்ணுவான். அதனாலதான் ஒருத்தர் கொண்டு வந்த பாலடின் வேரியன்ட் சூப்பர்னும் என்னுது கோளாறுனும் எல்லாருக்கும் தோணுது, அந்த வேரியன்ட்ல எக்ஸ்ட்ரா அட்டாக் (ஒரே டர்ன்ல இன்னொரு அடி) லெவல் 3லயே வருது, ஃபைட்டருக்கே 5லதான் வரும், அதை யாரும் கேக்கல! நான் கேட்டா பொறாமைங்கறாங்க.

டெஸ்ட்டுக்கு வராததுக்கு, மாம்பழ சீசன்ல மண்டி வேலை இருக்கும், புரியுது. மத்த மாசம்?

வரவு செலவு: வந்தது வாடகைக்கும் டீக்கும் போச்சு, மினியேச்சர் பொம்மைங்க பெயின்ட்டுக்கு கொஞ்சம் கைக்காசு போட்டிருக்கேன், மீதி பொருளாளர் நோட்டுல இருக்கு. சந்தா பாக்கி யாருன்னு பேர் போடல, அவங்கவங்களுக்கே தெரியும். மேஜை கொடுத்த வீட்டு அம்மாவுக்கும் முறுக்கு கொண்டு வந்தவங்களுக்கும் நன்றி.

அடுத்த வருஷம் யாராவது செயலாளர் ஆகறதா இருந்தா சாவி, மேப், மினியேச்சர் பெட்டி எல்லாம் ஒப்படைக்க ரெடி. சந்தா பாக்கி இருக்கறவங்க நிக்க முடியாதுனு நம்ம விதி, அப்படிப் பார்த்தா இப்போதைக்கு நானும் பொருளாளரும்தான் மிச்சம், அவரு வேண்டாங்கறாரு.