யுனைட்டெட்டுக்குக் கொஞ்சம் அவகாசம் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

இங்கிலாந்து பிரீமியர் லீக் உதைபந்தாட்டத்தின் 2025–26 பருவகாலம் இந்த வாரம் தொடங்குகிறது. மென்செஸ்டர் யுனைட்டெட் கழகம் தொடக்கத்தில் தோற்றால் பயிற்றுவிப்பாளரை மாற்ற வேண்டும் என்று உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் வந்த குறிப்பைப் படித்தேன். அதைப் பற்றி ஒரு ரசிகனாகச் சிலது சொல்ல வேண்டும்.

எங்கள் வீட்டில் அப்பா, நான், என் மகன் மூன்று பேரும் யுனைட்டெட் ரசிகர்கள். போன முறை 38 ஆட்டங்களில் 18 தோல்வி. 42 புள்ளிகளோடு 15ஆவது இடம். 1974இல் இரண்டாம் பிரிவுக்கு இறங்கிய பிறகு கழகம் இவ்வளவு கீழே போனதே இல்லை. ஐரோப்பியக் கழகங்களின் இரண்டாம் நிலைப் போட்டியான யூரோப்பா லீக் இறுதியாட்டத்திலும் டொட்டன்ஹாமிடம் ஒரு கோலால் தோற்றோம். அடுத்த நாள் மகன் பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்று நின்றான்.

ஆனால் நான் அந்தப் பருவத்தில் ஒரு இரவை மறக்க மாட்டேன். அதே யூரோப்பா லீக்கில் பிரான்சின் லியோன் கழகத்துடனான காலிறுதி. நமக்கு அது பெரிய வெள்ளி விடியற்காலை. அம்மா காலையில் கோயிலுக்குப் போக வேண்டும் என்பதால் டிவியின் சத்தத்தை முற்றாகக் குறைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தோம். மேலதிக நேரத்தில் 2–4 என்று பின்னால் நின்றோம். "முடிஞ்சுது, நான் படுக்கப் போறன்" என்று மகன் தலையணையை எடுத்தான். 114ஆவது நிமிடத்தில் புரூனோ பெர்னாண்டஸ் பெனால்டி அடித்தார். 120ஆவது நிமிடத்தில் மெய்னூ. அடுத்த நிமிடமே மெக்வயர் தலையால் முட்டி 5–4. அப்பா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து நின்றார். கண்ணெல்லாம் தண்ணீர். சத்தம் போடக்கூடாதே என்று மூன்று பேரும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு நின்றோம். மெய்னூ கழகத்தின் இளையோர் அணியிலிருந்து வளர்ந்து வந்த பொடியன். அன்றைக்கு அவருக்கு இருபது வயது நிரம்ப இன்னும் இரண்டு நாள் இருந்தது.

இந்த முறை நான் கிண்ணம் கேட்கவில்லை. போன முறை லீக்கில் 44 கோல்தான் அடித்தோம், அது ஏறினால் போதும். அதற்கான ஆட்கள் வந்திருக்கிறார்கள். பிரென்ட்போர்டுக்காக 20 கோல் அடித்த எம்பியூமோ, வூல்வ்ஸுக்காக 15 கோல் அடித்த குன்யா, ஜெர்மனியின் லைப்சிக் கழகத்திலிருந்து செஸ்கோ. முன்வரிசை சரி. நடுக்களத்துக்குத்தான் இன்னும் யாரையும் எடுக்கவில்லை, அது எனக்குப் பெரிய கவலை. பந்தைப் பறித்துக் கொடுக்க ஆளில்லாவிட்டால் முன்னால் நிற்கிறவர்கள் பந்தில்லாமல் சும்மாதான் நிற்க வேண்டிவரும்.

இன்னொரு பக்கம் பார்த்தால், இம்முறை ஐரோப்பியப் போட்டி எதுவும் இல்லை. வெட்கமான விடயம்தான், ஆனாலும் வாரம் முழுவதும் பயிற்சிக்குக் கிடைக்கிறது. பயிற்றுவிப்பாளர் அமோரிம் 2024 நவம்பரில், பருவத்தின் நடுவில் வந்து, பின்னால் தடுப்பாளர் மூவரை நிறுத்தும் தன் முறையை ஆட்டத்துக்கு ஆட்டம் ஓட்டத்திலேயே சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது. தொடக்கத்திலிருந்து அணியைத் தயார்படுத்த அவருக்கு இதுதான் முதல் வாய்ப்பு.

இரண்டு ஆட்டம் தோற்றால் "ஆளை மாற்று" என்று எழுதுகிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். 2013இல் நீண்டகாலப் பயிற்றுவிப்பாளர் சேர் அலெக்ஸ் பெர்குசன் போன பிறகு அமோரிம் ஆறாவது நிரந்தரப் பயிற்றுவிப்பாளர். மாற்றி மாற்றி என்ன கண்டோம்? பெர்குசனே 1986 நவம்பரில் வந்து, 1989–90 பருவத்தில் 13ஆவது இடத்தில் முடித்தார். அந்த ஆண்டு எப்.ஏ. கிண்ணத்தை வென்றாலும் லீக் பட்டம் 1993இல்தான் வந்தது. 26 ஆண்டுகளாகக் கழகம் காத்திருந்த பட்டம் அது.

பொறுத்திருந்தால் பலன் வரும் என்பதை மட்டக்களப்பாருக்கு விளங்கப்படுத்த வேண்டியதில்லை. வெபர் மைதானத்துக்குப் பெயர் கொடுத்த அருட்தந்தை வெபர் அமெரிக்காவிலிருந்து வந்து, இங்கேயே தங்கி, புனித மிக்கேல் கல்லூரிப் பிள்ளைகளைக் கூடைப்பந்தாட்டத்தில் ஆண்டுக்கணக்காக வளர்த்தெடுத்தவர். ஒரு தோல்விக்கு அவரை யாராவது ஊருக்கு அனுப்பியிருந்தால் நமக்கு என்ன மிஞ்சியிருக்கும்? அந்த மைதானத்தின் ஓரத்தில் அப்பாவின் தோளில் உட்கார்ந்துதான் நான் உதைபந்தாட்டம் பார்க்கவே பழகினேன்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். ஆட்ட அட்டவணையை இலங்கை நேரப்படி போடுங்கள். இப்போது அங்கே சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணி ஆட்டம் நமக்கு இரவு ஏழரை. அக்டோபர் கடைசியில் அவர்கள் மணியை மாற்றியதும் அது எட்டரையாகிவிடும். ஒவ்வொரு ஆண்டும் இதில் ஒரு வாரம் குழம்பிப்போகிறோம்.

முதல் ஆட்டம் ஆர்சனலோடு, எங்கள் கழகத்தின் மைதானமான ஓல்ட் டிராபோர்டில். வருகிற ஞாயிறு, ஆகஸ்ட் 17ஆம் திகதி, நம் நேரப்படி இரவு ஒன்பது மணிக்கு. ஆர்சனல் ரசிகரான காத்தான்குடி நண்பர் எங்கள் வீட்டுக்கு வந்து பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். அப்பா இப்போதே தன் நாற்காலியை டிவிக்கு முன்னால் இழுத்துப் போட்டுவிட்டார்.

கல்லடி வாசகன்,
மட்டக்களப்பு.