வட்டாரச் சிறு நூற்பாலை உரிமையாளர் சங்கம்: 2025ஆம் ஆண்டுச் செயலாளர் அறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர் பெருமக்களுக்கும் வணக்கம்.

செயற்குழு வழக்கம்போல் கூடியது. ஆகஸ்டுக்குப் பிறகு எந்தக் கூட்டத்திலும் பஞ்சு வரியைத் தவிர வேறு பேச்சு இல்லை.

2021 பிப்ரவரி முதல் இறக்குமதிப் பஞ்சுக்கு 11 சதவீத வரி. அடிப்படைச் சுங்கம் 5, வேளாண் கட்டமைப்பு வரி 5, இவற்றின் மேல் சமூக நலக் கூடுதல் வரி 1. 2022இல் சில மாதங்கள் விலக்குக் கொடுத்துத் திரும்பவும் போட்டார்கள். 2024 பிப்ரவரியில் மிக நீண்ட இழைப் பஞ்சுக்கு மட்டும் வரியை எடுத்தார்கள்; நம் ஆலைகளில் ஓடும் நூல் நம்பருக்கு (நூலின் நுண்மை அளவு) அந்தப் பஞ்சு தேவையே இல்லை.

2025 ஆகஸ்டு 19 முதல் செப்டம்பர் 30 வரை முழு விலக்கு என்று அறிவிப்பு வந்தது. பிரேசிலில் இன்று பேசி முடித்தாலும் பொதி தூத்துக்குடி வந்து சேர ஒன்றரை, இரண்டு மாதம் ஆகும். ஏற்கெனவே கப்பலில் சரக்கு வைத்திருந்தவர்களுக்குத்தான் அந்த நாற்பது சொச்சம் நாளும் உதவின. அமெரிக்கா ஆகஸ்டு 27 முதல் நம் ஆடைகளுக்கு 50 சதவீத வரி போட்டதும், விலக்கை டிசம்பர் 31 வரை நீட்டித்தார்கள். அப்போதும் கண்டெய்னர் கணக்கில் வாங்க வங்கிக் கடன் வரம்பு இருந்த பெரிய ஆலைகளுக்கே பலன் போனது. லாரி லோடு கணக்கில் உள்ளூர் வியாபாரியிடம் கடனுக்கு வாங்கும் நமக்கு, வரி போனதால் கிடைத்தது ஒரு தொலைபேசி அழைப்புதான். அறிவிப்பு வந்த மறுநாள் காலையிலேயே நூல் வாங்கும் திருப்பூர் பார்ட்டி, “வரி எடுத்துட்டாங்களாமா, நூல் கிலோவுக்கு எத்தனை குறைக்கறீங்க?” என்று கேட்டதாக உறுப்பினர் பலரும் சொன்னார்கள். குடோனில் இருந்ததோ பழைய விலைப் பஞ்சு. அரசு நிறுவனமான இந்தியப் பருத்திக் கழகமும் பஞ்சு விற்பனை விலையை இறக்கியது. கையிருப்பு வைத்திருந்தவர்கள் பாடு சொல்லி மாளாது. சில ஆலைகளில் இரவு ஷிப்ட் நின்றது.

வரி விலக்கை விவசாயிகள் எதிர்த்ததையும் தப்பு என்று சொல்ல மாட்டேன். நீண்ட இழைப் பருத்திக்கு 2025-26 பருவத்தில் ஆதரவு விலை குவிண்டால் 8,110 ரூபாய். அக்டோபரில் வரத்துத் தொடங்கி, குஜராத்திலும் மராட்டியத்திலும் பருத்தி மார்க்கெட்டுக்கு வரும் நேரத்தில் வெளிநாட்டுச் சரக்கும் இறங்கினால் அவர்களுக்கு வயிறு எரியத்தானே செய்யும்? வரத்துக் குறைவான ஏப்ரல் முதல் அக்டோபர் வரை ஆண்டுதோறும் நிலையான விலக்கு, மற்ற மாதங்களில் வரி. இதுவே இரு தரப்புக்கும் ஒத்துவரும் என்று செயற்குழு தீர்மானித்து, ஜவுளி அமைச்சகத்துக்கு மனு அனுப்பியிருக்கிறோம். பதில் வரவில்லை. இதற்கிடையில் 2026 ஜனவரி 1 முதல் 11 சதவீதம் திரும்பிவிட்டது.

தரச்சான்று இல்லாத பாலியெஸ்டர் இழையை இறக்குமதி செய்யக் கூடாது என்ற தரக்கட்டுப்பாட்டு ஆணை நவம்பரில் விலக்கிக்கொள்ளப்பட்டது. கலப்பு நூலுக்கு மாறிய நம் உறுப்பினர்களுக்கு இந்த ஆண்டில் உருப்படியாக நடந்தது இது ஒன்றுதான்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். மனுவோடு இணைக்க, ஆகஸ்டு முதல் டிசம்பர் வரை பஞ்சு வாங்கிய விலை, நூல் விற்ற விலை விவரங்களைக் கேட்டிருந்தோம். பாதிப் பேர் இன்னும் தரவில்லை. பில் நகலுடன் இம்மாத இறுதிக்குள் சங்க அலுவலகத்தில் கொடுக்கவும். சந்தா பாக்கி உள்ளவர்களும் அப்போதே செலுத்திவிடலாம்.

இப்படிக்கு,
செயலாளர்