ஐநூறு டாலர் காரும் அஞ்சு டிரைவரும்

அன்புள்ள மாப்ளே,

உன் வாய்ஸ் மெசேஜ் எல்லாம் கேட்டேன். அம்மாவுக்கு முட்டி ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் பெரிய நிம்மதி. பிசியோதெரபியை மட்டும் பாதியில் விட்டுவிடப் போகிறார்கள், பார்த்துக்கொள். எங்கள் அப்பா கொஞ்ச நாளிலேயே ‘எல்லாம் சரியாயிடுச்சு’ என்று நிறுத்திவிட்டு, இப்போது மாடிப்படி ஏறும்போதெல்லாம் டாக்டரைத் திட்டுகிறார்.

அப்புறம், ‘இந்த வயசுல கார் ரேஸாடா, கிறுக்குப் பிடிச்சிருக்கா’ என்று கேட்டிருந்தாய். வீட்டிலும் அதே கேள்விதான், குரல்தான் இன்னும் கொஞ்சம் பெரிசு. வாட்ஸப்பில் இதற்குப் பதில் சொன்னால் துண்டு துண்டாகப் போகும், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். நீ அனுப்பிய அஜித் வீடியோவையும் பார்த்தேன். 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் அவர் அணி தன் பிரிவில் மூன்றாவதாக வந்தபோது இங்கே நம்மாட்கள் ஆபீஸிலேயே லட்டு கொடுத்தார்கள். ஆனால் அது போர்ஷே ஓடுகிற இடம். நாங்கள் ஓடுவது அதே குடும்பத்தில் பிறந்த உதவாக்கரைத் தம்பி என்று வைத்துக்கொள்.

பிரான்ஸில் 1923-இலிருந்து நடக்கிற லு மான்ஸ் 24 மணி நேரப் பந்தயம் உனக்குத் தெரியும். அதைக் கிண்டல் செய்து 2006-இல் ஜே லாம் என்பவர் கலிஃபோர்னியாவில் ஆல்டமாண்ட் என்ற ட்ராக்கில் ஒன்றைத் தொடங்கினார், பெயர் 24 ஹவர்ஸ் ஆஃப் லெமன்ஸ். இங்கே ‘லெமன்’ என்றால் எலுமிச்சை மட்டுமில்லை, உதவாக்கரைக் காரும்தான். முக்கியமான விதி ஒன்றுதான்: கார் ஐநூறு டாலருக்கு மேல் போகக் கூடாது. ஓட்டை உடைசல், காயலான் கடைக்குப் போக வேண்டியது, பக்கத்து வீட்டுக்காரர் புல்வெளியில் துருப்பிடித்துக் கிடந்தது, இப்படி எது கிடைத்தாலும் சரி. நாலு பேராவது சேர்ந்து மாற்றி மாற்றி ஓட்ட வேண்டும். 24 மணி நேரம் என்பது பெரும்பாலும் பெயரில்தான். சனிக்கிழமை பகல், ஞாயிற்றுக்கிழமை பகல் என்று இரண்டு நாளில் பதினாலு பதினைந்து மணி நேரம் ஓடும், ராத்திரி முழுக்க ஓடுவது எப்போதாவதுதான். அதிக லேப் சுற்றியவன் ஜெயித்தான், அவ்வளவுதான் கணக்கு.

ஐநூறு டாலர் என்றதும் வாயைப் பிளக்காதே. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று நம் பாட்டிகள் சொன்னது இந்த ரேஸுக்காகவே சொன்னது. உயிரைக் காப்பாற்றுகிற சாமான் எதுவும் அந்த ஐநூறில் சேராது: கார் கவிழ்ந்தாலும் ஆள் நசுங்காமல் இருக்க உள்ளே வெல்டிங் செய்கிற இரும்புக் குழாய்க் கூண்டு (ரோல் கேஜ்), ரேஸ் சீட், தோளையும் இடுப்பையும் கட்டிப்போடும் பெல்ட், தீயணைப்பு, பிரேக், டயர் எல்லாமே தனிக் கணக்கு. எங்கள் கேஜுக்கு மட்டும் மூவாயிரம் டாலருக்கு மேல் போனது. இது போக ஆளுக்கு ஒரு தீப்பிடிக்காத சூட், ஹெல்மெட், மோதும்போது கழுத்து முறியாமல் ஹெல்மெட்டைத் தோளோடு பிடித்துக்கொள்ளும் ஹான்ஸ் என்கிற சாதனம். ஐந்து பேர் பங்கு போட்டதால்தான் தாங்கியது. தனியாளாக இறங்குகிறவன் பைத்தியக்காரன் அல்லது பணக்காரன்.

டீம் எப்படி என்றால், இரண்டு பேர் ஆபீஸ் ஆட்கள், மெக்சிகோவிலிருந்து வந்து இங்கேயே முப்பது வருஷமாக இருக்கும் ஓய்வு பெற்ற எலக்ட்ரீஷியன் ஒருவர், ஒரு இருபத்தாறு வயதுப் பையன், அப்புறம் நான். கார் 1993 மாடல், நாலு கதவு, ஒன்றரை லிட்டர் இன்ஜின். ஜப்பான்காரன் செய்தது, அதற்கு மேல் கேட்காதே. காருக்கு ஒரு வேஷம் போடுவது இங்கே வழக்கம், சிலர் சுறா மீனாக்குவார்கள், சிலர் மேலே சோபாவே கட்டிவிடுவார்கள். நாங்கள் மஞ்சள் பெயிண்ட் அடித்து ஆட்டோவாக்கினோம். பின்னால் தமிழிலேயே ‘பிரசவத்திற்கு இலவசம்’ என்று எழுதினேன். என்ன அர்த்தம் என்று கேட்டவர்களுக்கெல்லாம் எலக்ட்ரீஷியன்தான் என்னைவிட நன்றாக விளக்கம் சொன்னார்.

வெள்ளிக்கிழமை காரைச் சோதிப்பார்கள். பாதுகாப்புச் சோதனை ரொம்பக் கண்டிப்பு, கேஜில் ஒரு வெல்டு சரியில்லை என்றாலும் ஓட விட மாட்டார்கள். அது முடிந்ததும் இன்னொரு வரிசை, அங்கே நீதிபதி அங்கி போட்ட ஆட்கள் உட்கார்ந்துகொண்டு ‘இது உண்மையிலேயே ஐநூறு டாலர் காரா’ என்று விசாரிப்பார்கள். பொய் என்று தோன்றினால் ரேஸ் தொடங்கும் முன்பே சில லேப்களைக் கழித்துவிடுவார்கள். இவர்களுக்கு லஞ்சம் கொடுக்கலாம், ஊரறியக் கொடுக்கலாம்! மற்றவர்கள் பாட்டிலோடு வந்தார்கள், நாங்கள் தேன்குழலும் மிக்சரும் கொடுத்தோம். அவர்கள் காரைப் பார்த்தார்கள், துருவைத் தொட்டார்கள், மிக்சரை வாயில் போட்டார்கள், தண்டனை லேப் ஏதுமில்லாமல் சி பிரிவில் போட்டுவிட்டார்கள். ஏ, பி, சி என்று மூன்று பிரிவு, சி என்றால் ‘இது ஞாயிற்றுக்கிழமை வரை தாங்காது’ என்று அர்த்தம். தமாஷ் என்னவென்றால் இங்கே மிகப் பெரிய பரிசு முதலில் வந்தவனுக்கு இல்லை. படுமட்டமான காரை வைத்துக்கொண்டு நம்ப முடியாத தூரம் ஓட்டியவனுக்குத்தான்.

ஓடியது தண்டர்ஹில் ட்ராக்கில். சாக்ரமென்டோவுக்கு வடக்கே வில்லோஸ் என்ற சின்ன ஊர், சுற்றி நெல் வயல். ஆமாம், நெல்தான்! ஐ-5 சாலையில் போகும்போது இரண்டு பக்கமும் பச்சையாக வருவதைப் பார்த்துப் பொள்ளாச்சி தாண்டி வந்துவிட்டோமோ என்று தோன்றியது. வெயிலும் சளைத்ததில்லை, கோடையில் 40 டிகிரி சர்வ சாதாரணம். ட்ராக் மூன்று மைல், பதினைந்து வளைவு. அதில் ஐந்தாவது வளைவு ஒரு குன்றின் தலையில் இருக்கிறது. ஏறும்போது கண்ணாடியில் வானம் மட்டும்தான் தெரியும், ரோடு அந்தப் பக்கம் எங்கே போகிறது என்று பார்த்துவிட்டுத் திருப்பலாம் என்றால் நேரம் போய்விடும், பார்க்கும் முன்பே இடதுபக்கம் திருப்பியாக வேண்டும். முதல் லேப்களில் அங்கே நான் போட்ட பிரேக்குக்குப் பின்னால் வந்தவன் என்னென்ன திட்டினானோ. போகப் போகக் கை தானாகத் திருப்ப ஆரம்பித்துவிட்டது.

நூற்றுக்கும் மேல் கார்கள். அதில் பழைய பிஎம்டபிள்யூ, மியாட்டா ஓட்டுகிறவர்கள் நம்மைத் தாண்டிக்கொண்டே இருப்பார்கள். பயம் வரும் என்று நினைத்தேன், வரவில்லை. வேகமாக வருகிறவன் பார்த்துத் தாண்டிப் போக வேண்டும், நாம் நம் லைனை விட்டு நகரக் கூடாது, அதுதான் முறை. நல்லவனாக வழி விடுகிறேன் என்று திடீரென ஒதுங்கினால்தான் ஆபத்து. பொள்ளாச்சி ரோட்டில் தனியார் பஸ்ஸுக்கு முன்னால் மொபெட் ஓட்டிப் பழகிய நமக்கு இது புதிதா என்ன? என்ன, இங்கே ஹாரன் கிடையாது.

உடம்புக்குத்தான் நிஜமான சோதனை. எங்கள் டேங்க் இரண்டு மணி நேரத்துக்குச் சொச்சம் வரும், அதனால் ஒரு ஆள் ஏறினால் டேங்க் காலியாகும் வரை அவன்தான். மூன்று அடுக்குச் சூட், கையுறை, ஹெல்மெட், ஏசி இல்லாத தகர டப்பா. சட்டைக்குள் மெல்லிய குழாய் ஓட்டி, பக்கத்தில் ஐஸ் பெட்டி வைத்து, சின்ன பம்ப் மூலம் குளிர்ந்த தண்ணீரை நெஞ்சைச் சுற்றி ஓட விடுவார்கள். அது ஓடுகிற வரை சொர்க்கம். பம்ப் நின்றுவிட்டால் அதே தண்ணீர் சூடாகி உடம்போடு ஒட்டிக்கொண்டு நிற்கும், வெந்நீர் ஒத்தடம்தான். முக்கால் மணி நேரம் ஆனதும் மனசு வேறு எங்கோ போக ஆரம்பிக்கும். நான் ஒவ்வொரு வளைவுக்கும் வாய்விட்டுப் பேசிக்கொண்டேன், ‘இப்ப பிரேக், இப்ப விடு, இப்ப கண்ணைத் தூக்கு’ என்று. ரேடியோ பட்டன் அழுந்தியே இருந்ததால் பிட்டில், அதாவது ட்ராக் ஓரமாக டீம்கள் காரைக் கவனிக்கிற இடத்தில், எல்லோரும் கேட்டார்களாம்.

இப்போது நான் உனக்குச் சொல்ல நினைத்த விஷயத்துக்கு வருகிறேன். நம் கார் ஒரு லேப் சுற்ற ஏறக்குறைய இரண்டரை நிமிஷம். மணிக்கு 24 லேப், 14 மணி நேரத்துக்கு 336. ஒரு ஆள் உயிரைக் கொடுத்து லேப்புக்கு ஒரு செகண்ட் குறைத்தால் இரண்டு நாளும் சேர்த்து மிச்சம் ஆறு நிமிஷம்கூட இல்லை. கறுப்புக் கொடி ஒன்று காட்டினால் போதும், உள்ளே வந்து நீதிபதியிடம் போய் நின்று விளக்கம் சொல்லித் திரும்புவதற்குள் அந்த ஆறு நிமிஷமும் காலி. மோதினால், நாலு சக்கரமும் ட்ராக்குக்கு வெளியே போனால், ‘ஆபத்து, ஜாக்கிரதை’ என்று மஞ்சள் கொடி இருக்கும்போது ஓவர்டேக் செய்தால் கறுப்புக் கொடி. நம் இருபத்தாறு வயதுப் பையன் சிமுலேட்டரில் புலி, டீமிலேயே வேகமானவன், முந்திரிக்கொட்டையும்கூட. முதல் நாளே இரண்டு கொடி வாங்கினான். தண்டனை என்ன தெரியுமா? ஆட்டோ என்றால் என்ன என்று நீதிபதி விசாரித்துவிட்டு, பிட் பக்கம் நடந்து போகிற ஒருவரிடம் கூவிக் கூப்பிட்டு, பேரம் பேசி, சவாரி ஒத்துக்கொள்ள வைத்துவிட்டுத்தான் போக வேண்டும் என்றார். பையன் சான் ஹோசேயில் பிறந்து வளர்ந்தவன், பேரமே பேசத் தெரியவில்லை, கேட்ட விலைக்கெல்லாம் சரி சரி என்றான்!

எலக்ட்ரீஷியன் எங்கள் எல்லோரையும்விட நாலைந்து செகண்ட் மெதுவு. ஒரு கொடி இல்லை, ஒரு கீறல் இல்லை, பிரேக் பேட் தேய்வும் குறைவு. டீமுக்கு அதிக லாபம் தந்த டிரைவர் அவர்தான் என்று நான் அடித்துச் சொல்வேன். பையன் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை, அவன் ஒரு எக்செல் ஷீட் வைத்திருக்கிறான்.

பெட்ரோல் போடுவது ஒரு சடங்கு. இன்ஜினை அணைத்து, டிரைவர் இறங்கியாக வேண்டும். போடுகிறவன் தலை முதல் கால் வரை தீ சூட்டில் நிற்பான், இன்னொருவன் தீயணைப்புக் கருவியைப் பின் பிடுங்கத் தயாராகப் பிடித்துக்கொண்டிருப்பான். அஞ்சு கேலன் கேனை இடுப்புயரத்துக்குத் தூக்கிக் கவிழ்த்துப் பிடித்தால் கை நடுங்கும். சனிக்கிழமை மத்தியானம் உச்சி வெயிலில் இதெல்லாம் முடித்து நான் ஏறிச் சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் சுற்றுகிறது, இன்ஜின் பிடிக்கவில்லை. நீயாக இருந்தால் உடனே காதைத் தீட்டியிருப்பாய்: சாவியை ஆன் செய்ததும் பெட்ரோல் பம்ப் ‘ம்ம்ம்’ என்று இரண்டு செகண்ட் முனக வேண்டும் இல்லையா, அந்தச் சத்தமே இல்லை. எல்லோரும் பம்ப் போய்விட்டது என்றார்கள். எலக்ட்ரீஷியன் ஒன்றும் பேசாமல் டாஷ்போர்டுக்கு அடியில் மல்லாக்கப் படுத்து, பம்புக்குக் கரண்டை விடுகிற, தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிய ரிலே ஒன்றை ஸ்க்ரூடிரைவர் பிடியால் ரெண்டு தட்டு தட்டினார். ம்ம்ம். வண்டி பிடித்துக்கொண்டது. பழைய ரிலேயில் ஈயப்பற்று நாளாவட்டத்தில் முடி அளவு விரிசல் விட்டுவிடுமாம், சூட்டில் விரிசல் திறந்து கரண்ட் நிற்கும், ஆறினால் மறுபடி ஒட்டும். சாயந்திரம் ரேஸ் நின்றபின் நெற்றியில் விளக்குக் கட்டிக்கொண்டு அந்தப் பற்றையெல்லாம் உருக்கி மறுபடி வைத்தார். நான் பூதக்கண்ணாடியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். முள்முள்ளாக நிற்கும் கால்களில் ஒன்றைச் சுற்றி வட்டமாக ஒரு கோடு, அவ்வளவுதான், அதற்குத்தான் அத்தனை கலவரம்.

ஞாயிற்றுக்கிழமை பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. முன் பிரேக் பேட் மாற்றினோம், மதியம் தயிர்சாதம் சாப்பிட்டோம், கடைசிக் கொடி விழும்போது கார் ஓடிக்கொண்டிருந்தது. சி பிரிவில் ஐந்தாவது, மொத்தத்தில் நடுவாந்திரம். எங்களைத் தாண்டித் தாண்டிப் போன பிஎம்டபிள்யூ ஒன்று இன்ஜின் உடைந்து டிரெய்லரில் கிடந்தது. சந்தோஷப்படக் கூடாது, ஆனால் பட்டேன்.

இப்போது உன்னிடம் இரண்டு வேலை. ஒன்று, கியர் லீவர் லிங்கேஜில் நைலான் புஷ் தேய்ந்து கியர் மூன்றுக்குப் போட்டால் ஐந்துக்குப் போகிறது. அளவோடு படம் வரைந்து அனுப்புகிறேன், உன் லேத்தில் அதே மாதிரி டெல்ரின் என்கிற கெட்டிப் பிளாஸ்டிக்கில் நாலைந்து கடைந்து கொடு. இரண்டாவது, பாப்பாவின் பட்டமளிப்புக்கு நீயும் தங்கச்சியும் மே மாதம் வருகிறீர்கள் அல்லவா, திரும்பிப் போகிற டிக்கெட்டை இரண்டு வாரம் தள்ளிப் போடு. அடுத்த ரேஸ் அப்போதுதான். ஓட்டச் சொல்லவில்லை, பிட்டில் ஸ்பேனர் பிடித்தால் போதும். ஓட்ட ஆசை வந்தால் அங்கேயே பதிவு செய்துகொள்ளலாம், ஆனால் சூட் மட்டும் முன்கூட்டியே ஆர்டர் போட வேண்டும். நெஞ்சளவு, இடுப்பளவு இரண்டையும் அனுப்பு. காலேஜ் காலத்து இடுப்பளவு வேண்டாம், இன்றைக்கு டேப் வைத்து அளந்தது.

அம்மாவிடம் நான் கேட்டதாகச் சொல்.

உன்,
பழைய பார்ட்னர்