ஜன்னலை எண்ணிப் பார்

அன்பு மகளுக்கு,

நீ வெனிஸ் போகப்போகிறாய் என்றதும் இதை எழுத உட்கார்ந்துவிட்டேன். கட்டடக்கலை படிக்கிறவள், கெட்டோவில், அதாவது யூதர்களை அடைத்து வைத்த குடியிருப்பில், உள்ள யூத ஜெப ஆலயங்களை அழகான பழைய அறைகள் என்று மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதே. சட்டம் எதையெல்லாம் தடுத்தது, அந்தத் தடைக்குள்ளேயே எப்படிக் கட்டினார்கள் என்பதைத்தான் அங்கே கவனிக்க வேண்டும்.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள். அவரவர் வீட்டில் தனியாக ஜெபிக்கலாம் என்று விட்டுவிட்டால் யூதர்களுக்குப் போதாது. முழு வழிபாட்டுக்கு மரபுப்படி பதின்மூன்று வயது நிரம்பிய ஆண்கள் பத்துப் பேர் கூட வேண்டும். மோசேயின் ஐந்து நூல்கள் அடங்கிய தோரா என்ற வேதச் சுருளைத் திங்கள், வியாழன், சனி என்று சபையில் விரித்து வாசிக்க வேண்டும். ஆகவே கூடுவதற்கு ஓர் இடம் இல்லாமல் முடியாது. ஊரை ஆண்டவர்கள் கை வைத்ததும் பெரும்பாலும் அந்த இடத்தின் மேல்தான்.

வெனிஸ் செனட் 1516 மார்ச் 29 அன்று யூதர்களைக் கெட்டோ நுவோவோ என்ற சிறு தீவுக்குள் குடியமர்த்த ஆணையிட்டது. இரவில் கதவைப் பூட்டிவிடுவார்கள். காவலர்கள் கிறிஸ்தவர்கள்; அவர்களுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டியவர்கள் உள்ளே அடைபட்டவர்கள். சொந்தமாக மனையோ வீடோ வாங்க முடியாது. வாடகைக்கு இருக்கலாம், அதுவும் முன்பு குடியிருந்தவர்கள் கொடுத்ததைவிட மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக. ஆள் பெருகியது, தீவு பெருகவில்லை. வீடுகள் ஏழெட்டு மாடிவரை உயர்ந்தன. தளத்துக்குத் தளம் கூரை தாழ்ந்தது.

அந்த வாடகை வீடுகளின் உச்சியில்தான் ஆலயங்கள். கீழே தனி மனையும் இல்லை, தெருவைப் பார்த்து முகப்பு எழுப்ப வழியும் இல்லை. ஜெபக்கூடத்துக்கு மேலே யாரும் குடியிருக்கக் கூடாது என்ற யூத மரபுக்கும் உச்சித் தளம் தோதாக இருந்தது. சதுக்கத்தின் நடுவில் நின்று வாசலைத் தேடாதே, நிமிர்ந்து பார். மற்ற ஜன்னல்களைவிட உயரமாக வரிசையாக ஐந்து தெரியும். மோசேயின் ஐந்து நூல்களைக் குறிப்பவை. 1575ல் வந்த ஸ்கோலா இத்தாலியானாவை, அதாவது இத்தாலிய யூதர்களின் ஆலயத்தை (ஸ்கோலா என்றால் அங்கே ஜெப ஆலயம்), அப்படித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

உள்ளே நேரம் எடுத்துப் பார்க்க வேண்டியது 1528ல் ஏற்பட்ட ஸ்கோலா தெதெஸ்கா, ஜெர்மானிய யூதர்களின் ஆலயம். ஏற்கெனவே நின்ற வீட்டுச் சுவர்களுக்குள் அடக்கிய கூடம் என்பதால் தரை சதுரமும் இல்லை, நேரான செவ்வகமும் இல்லை; சரிவகம். மேலே பெண்கள் உட்காரும் மாடத்தை நீள்வட்டமாக வளைத்திருக்கிறார்கள். கண் அந்த வளைவோடு போய்விடுவதால் சுவரின் கோணல் தெரிவதில்லை. எனக்கு அந்த ஊரிலேயே மிகவும் பிடித்த தீர்வு இதுதான். நீ ஒரு மூலையில் நின்று தரையையும் மாடத்தையும் தனித்தனியாக வரைந்து ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் பார். சுவரில் பளிங்கு போலத் தெரிவது மர்மொரீனோ: சுண்ணாம்பில் பளிங்குத் தூள் கலந்து பூசி மெருகேற்றியது. மற்றபடி பெரும்பாலும் மர வேலைதான். அந்த உயரத்தில், வீட்டுக்குப் போட்ட உத்தரங்களின் மேல், கல்லை அடுக்கினால் தாங்காது.

ஆம்ஸ்டர்டாமில் தடையைத் தாண்டியது வேறு விதம். 1612ல் அங்கே ஆலயம் கட்டத் தொடங்கியதும் கால்வினியப் (சீர்திருத்தக் கிறிஸ்தவ) போதகர்கள் எதிர்த்தார்கள், நகரம் தடுத்தது. கடைசியில் கட்டடத்தை ஒரு கிறிஸ்தவ நகர்மன்ற உறுப்பினர் வாங்கி, யூதர்களுக்கே வாடகைக்கு விட்டார். பத்திரத்தில் யூதர் பெயர் இல்லை, ஜெபம் நடந்தது. 1675ல் அதே ஊரில் போர்த்துகீசிய யூதர்கள் யாருக்கும் ஒளிக்காமல் பெரிய ஆலயத்தையே கட்டிவிட்டார்கள்.

ரோமில் கெடுபிடி அதிகம். போப் நான்காம் பவுல் 1555 ஜூலையில் பிறப்பித்த ஆணைப்படி ஊருக்கு ஒரே ஒரு ஜெப ஆலயம்தான். மீதியை இடித்துவிட வேண்டும். ரோமிலோ இத்தாலிய மரபினர், சிசிலியிலிருந்தும் ஸ்பெயினின் கட்டலோனியா, கஸ்தீலியாவிலிருந்தும் வந்தவர்கள் என்று பல சபைகள். ஜெப முறை ஆளுக்கொரு விதம் என்பதால் ஒரே கூடத்தில் கலக்க முடியாது. அதனால் ஒரே கூரையின் கீழ் ஐந்து கூடங்களை வைத்தார்கள்: தெம்பியோ, நோவா, சிசிலியானா, கட்டலானா, கஸ்தீலியானா. ஆணைக்கு அது ஒரு கட்டடம், சபைகளுக்கு ஐந்து ஆலயம். இந்த ஏற்பாட்டில் ஓர் ஆபத்தும் இருந்தது. 1893ல் தீப்பிடித்தபோது ஐந்துமே அதில் மாட்டிக்கொண்டன. பிறகு கட்டடத்தையும் இடித்துவிட்டார்கள். சதுக்கத்துக்கு மட்டும் 'சின்க்வே ஸ்கோலே' (ஐந்து ஆலயங்கள்) என்ற பெயர் நிலைத்துவிட்டது.

அங்கிருந்து தப்பிய பொருள்களை ரோமின் பெரிய ஜெப ஆலயத்து அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். வெனிஸ், ரோம் இரண்டிலும் சனிக்கிழமை மூடியிருக்கும், வெள்ளிக்கிழமை சீக்கிரமே சாத்திவிடுவார்கள். வாரத்தின் நடுவில் போ. வெனிஸில் எந்தெந்தக் கூடம் திறந்திருக்கிறது என்று முன்கூட்டியே விசாரித்துக்கொள். தோள் மூடிய உடை போட்டுக்கொள். வரைந்ததை எனக்கு அனுப்பு.

அன்புடன்,
அப்பா