ஊசிக்கு முன் பொருக்கைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கடந்த ஐப்பசி அடைமழையின்போது எங்கள் கொட்டகையிலுள்ள ஐந்து கலப்பினப் பசுக்களில் மூன்றுக்கு, முதுகுத்தண்டின் இருபுறமும் மயிர் கொத்துக்கொத்தாக ஒட்டிப் பொருக்குத் தட்டியது. பார்த்தவர்கள் அனைவரும் அம்மை என்றே கூறினர். தோல் கழலை நோய் வந்துபோன பிறகு, எங்கள் பாலக்கோடு பக்கத்தில் மாட்டின் மேல் எது தடித்தாலும் அம்மைதான். நானும் அதை நம்பி, வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசிப் பத்து நாட்களை வீணாக்கினேன்.

பின்னர் வந்த மருத்துவர் ஒரு பொருக்கைப் பிடித்து இழுத்ததும், அது மயிரோடு சேர்ந்து சுண்ணாம்பு மட்டையின் நுனிபோலக் கையோடு வந்தது. அடியில் சீழும் செந்நிறப் புண்ணும் இருந்தன. காய்ச்சலுடன் உருண்டை உருண்டையாகக் கழலை எழும்புவது வைரஸால் வரும் அம்மை. ஓயாமல் உரசிக்கொண்டே இருந்தால் சொறி. கன்றின் கண்ணைச் சுற்றிச் சாம்பல் பூத்த வட்டமாக இருந்தால் படர்தாமரை. எங்கள் மாடுகளுக்கு வந்ததோ டெர்மட்டோஃபிலஸ் காங்கோலென்சிஸ் என்னும் பாக்டீரியா. காகித உறையில் அனுப்பிய பொருக்கை ஜீம்சா சாயமிட்டு நுண்ணோக்கியில் பார்த்தபோது, அது ரயில் தண்டவாளம்போல இணை வரிசைகளாகத் தெரிந்ததாம்.

இந்தக் கிருமி ஈரத்தில்தான் பரவும். உண்ணியும் ஈக்கடியும் தோலில் அதற்கு வழி திறந்துவிடும். எனவே பச்சிலை விழுது பூசிப் புண்ணை ஈரமாகவே வைத்திருந்தது என் தவறு. மருத்துவர் எடைக்கேற்ப, கிலோவுக்கு 20 மில்லிகிராம் கணக்கில், நீடித்துச் செயல்படும் ஆக்சிடெட்ராசைக்ளின் என்னும் பாக்டீரியா எதிர்ப்பு மருந்தை ஊசியாகப் போட்டார். நாங்கள் பொருக்கை ஊறவைத்து அகற்றி எரித்தோம்; போவிடோன் அயோடின் என்னும் கிருமிநாசினியைத் தடவி, மாடுகளைக் காய்ந்த தரையில் கட்டினோம். பொருக்கை வெறுங்கையால் உரித்த என் மனைவியின் முன்கையிலும் கொப்புளம் வந்ததால், கையுறை அவசியம் என்பதைப் பட்டுத் தெரிந்துகொண்டோம். ஊசி மருந்து பாலிலும் கலந்து வரும் என்பதால், மருத்துவர் குறிப்பிட்ட நாட்கள் வரை சொசைட்டிக்குப் பால் ஊற்றவில்லை. அந்த நட்டத்துக்கு அஞ்சியே பலர் ஊசியை மறைக்கிறார்கள்.

பரிசோதனை எளியது, செலவும் அதிகமில்லை. ஆகவே, மழைக்காலம் தொடங்குமுன் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் கால்நடை மருந்தகங்கள் அனைத்திலும் நுண்ணோக்கியும் சாயமும் இருப்பதைக் கால்நடை பராமரிப்புத் துறை உறுதிசெய்ய வேண்டும். இல்லாத இடங்களில், வாரம் ஒருமுறையேனும் பொருக்கு மாதிரிகளைத் திரட்டி மாவட்ட நோய் புலனாய்வுப் பிரிவுக்கு அனுப்ப ஏற்பாடு செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பால் உற்பத்தியாளர் ஒருவர்,
பாலக்கோடு வட்டம், தருமபுரி மாவட்டம்.