கனுப்பிடி வைத்த காலை

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் போகிக்கு முதல் நாளே வந்துவிட்டது. உட்கார்ந்து பதில் எழுத இன்றுதான் நேரம் கிடைத்தது. முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அதைப் பற்றி நீ எழுதவே இல்லை.

பொங்கலுக்குக் கும்பகோணத்து வீட்டில் 23 பேர் கூடினோம். அம்மா போன பிறகு எல்லோரும் சேர்ந்தது இதுதான் முதல் தடவை. யாரும் சொல்லாமலே பெரிய மன்னி பானைக்கு மஞ்சள் கொத்து கட்டினாள். சின்ன மன்னி கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து தேங்காய் துருவினாள். ஆனால் வெல்லம் எவ்வளவு போடுவது என்று கேட்க இரண்டு பேரும் அக்காவிடம்தான் வந்தார்கள். அம்மாவிடம் கேட்பது போலவே கேட்டார்கள். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

ராத்திரி வீட்டை விற்கிற பேச்சு வந்தது. நாம் பரீட்சைக்குப் படித்தோமே, அதே தாழ்வாரத்தில்தான். "மூன்று பங்கு" என்றார் சின்ன அண்ணா. நாங்கள் நாலு பேர். அக்காவுக்கு 1986-லேயே கல்யாணம் ஆகிவிட்டதாம். 1989-ல் தமிழ்நாட்டில் பெண்களுக்கும் பங்கு தரும் சட்டம் வருவதற்கு முன்பே கல்யாணமான பெண்ணுக்குப் பூர்வீகச் சொத்தில் பங்கு இல்லையாம். அவர் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. அந்தக் காலத்தில் காதில் விழுந்ததை அப்படியே பிடித்துக்கொண்டிருக்கிறார்.

சட்டம் படிக்கிற அவர் பெண்ணே எழுந்து, "அது பழைய சட்டம்ப்பா. 2005-ல் மத்திய சட்டத்தைத் திருத்தியாச்சு. கல்யாணம் எப்போது ஆனாலும் பெண்ணுக்கும் பிள்ளையைப் போலவே பிறப்பால் உரிமை உண்டு. 2020-ல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. தாத்தா உயிலும் எழுதவில்லை" என்றாள்.

எல்லோரும் அக்காவைப் பார்த்தோம். 'எனக்கு எதுவும் வேண்டாம், நீங்கள் நன்றாக இருந்தால் போதும்' என்பாள் என்றுதான் நானும் நினைத்தேன். அவள் வெற்றிலையில் காம்பு கிள்ளிக்கொண்டே, "வேண்டாம் என்று நான் எப்போது சொன்னேன்?" என்றாள். அவ்வளவுதான். சின்ன அண்ணா துண்டை எடுத்துக்கொண்டு திண்ணைக்குப் போய்விட்டார்.

மறுநாள் விடியற்காலையில் மொட்டை மாடிக்கு ஏறினால், எனக்கு முன்னால் அக்கா மஞ்சள் இலையை விரித்திருந்தாள். மஞ்சள் சாதம், குங்குமம் கலந்த சிவப்புச் சாதம், தயிர் சாதம், ஒரு துண்டு கரும்பு. "காக்கா பிடி வைத்தேன், கனுப் பிடி வைத்தேன்" என்று, கூடப்பிறந்தவர்கள் நன்றாக இருக்க வேண்டிக்கொண்டு, எப்போதும் போல ஒவ்வொன்றாக வைத்தாள். இந்த வருடமுமா என்று கேட்டேன். "என் தம்பிடி அவன். அவனுக்கு வைக்காமல் யாருக்கு வைப்பேன்?" என்றாள்.

அன்றிலிருந்து ஒன்று என்னை உறுத்துகிறது. எனக்குக் கல்யாணம் ஆனது 1993-ல். அந்த மூன்று பங்கில் என் பங்கும் இருந்தது. அதனால்தான் நான் வாய் திறக்கவில்லை. பேசியிருக்க வேண்டியவள் நான். சின்னப் பெண் பேசினாள். அக்காவிடம் இதைச் சொன்னேன். தலையைத் தடவிவிட்டுக் காபி கலக்கப் போனாள்.

சின்ன அண்ணா கனுப் பணத்தை அக்கா கையில் கொடுத்து நமஸ்காரம் பண்ணினார். இரண்டு பேரும் வீட்டைப் பற்றிப் பேசவில்லை. நேற்று ராத்திரி எங்கள் நாலு பேருக்கும் வீட்டுப் பத்திரத்தின் நகலை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார். கூட ஒரு வரிகூட எழுதவில்லை.

உன் அண்ணாவிடம் பேசினாயா? மாசி மகத்துக்கு வா, அக்காவும் இருப்பாள்.

அன்புடன்,
உன் தோழி